செருப்புக்கு ஒரு வரப்பு

எங்கள் இரும்புக் கம்பெனியில் உலவிய பேய்க் கதைகளில் பாதி நான் கிளப்பிவிட்டவை. கிரேன் மேலே கொலுசுச் சத்தம், கழிப்பறையில் தலையில்லாத காண்டிராக்டர், எல்லாம் என் சரக்கு. மிட்டாய்க்கடைக்காரன் லட்டுக்கு ஏங்குவானா? அப்படித்தான் எனக்கும் பேய்க்கும். இதுவும் என் சரக்குதான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

ஓமனில் ஃபிட்டர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று, விமானத்துக்கு இன்னும் மூன்று நாள். திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். லோக்கல் ரயில் ஏறினால் வந்துவிடும் சென்னையை நான் ஒழுங்காகச் சுற்றிப் பார்த்ததே இல்லை. என் மனைவி செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள், நானும் ‘அடுத்த ஞாயிறு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று வருஷம் முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள்.

கடலுக்கு மட்டும் நாலைந்து தடவை போயிருக்கிறோம், காட்டுப்பள்ளிப் பக்கம். அங்கே எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் தண்ணீரில் இறங்கினால் இன்னொருவர் கரையில் செருப்பைக் காக்க வேண்டும். சட்டம் போட்டவன் நான், காத்தது பெரும்பாலும் அவள். சோழவரத்தில் நாற்று நட்ட கை சும்மா இருக்காது. செருப்பைச் சுற்றி மணலில் விரலால் வரப்பு கட்டுவாள், ஒரு பக்கம் மட்டும் மடை திறந்துவிடுவாள். மடை எப்போதும் எங்கள் வீடு இருக்கும் திசையில். செருப்பின் முனையும் அதையே பார்த்திருக்கும்.

“ஒரு தபா செருப்பு போனா போவுதுயா, ரெண்டு பேரும் எறங்கலாம்” என்பாள்.

“புதுச் செருப்புடி. அடுத்த தபா.”

முதல் நாள் மியூசியம் பார்த்துவிட்டு நாலு மணிக்கு மெரினா போனேன். செருப்பைக் கழற்றியதும் பழக்க தோஷம், “செல்வி, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதுதான் சொன்னது உறைத்தது. திரும்பி வந்தால் செருப்பு இருந்தது. சுற்றிலும் விரல்தடம் பதிந்த வரப்பு இருந்தது. மடை வடக்கே, கும்மிடிப்பூண்டிப் பக்கம்.

கொலுசுச் சத்தம் கண்டுபிடித்த தைரியசாலி என்ன செய்தான் தெரியுமா? ஓடினான். வெள்ளத்தில் கைக்குழந்தையைக் காப்பாற்றுகிறவன் மாதிரி செருப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடி, பலூன் சுடும் கடையில் மோதி, பலகையோடு விழுந்தேன்.

“இன்னா நைனா, நாய் தொரத்துதா?” என்றான் கடைக்காரன்.

“இல்ல, என் சம்சாரம்.”

“அப்ப ஓடு, ஓடு!” என்று வழிவிட்டான்.

ஏதாவது குழந்தை விளையாடியிருக்கும் என்று எனக்கே நான் கதை சொல்லிக்கொண்டு, மறுநாள் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். இந்தத் தடவை வேண்டுமென்றேதான் சொன்னேன், “செல்வி, பாத்துக்கோ.” குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. கால் நனைத்துத் திரும்பினால் அதே வரப்பு, அதே வடக்கு மடை. பக்கத்தில் சுண்டல் விற்கும் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, என் செருப்பாண்ட யாரு குந்திகினு இருந்தது?”

“ஒருத்தரும் இல்லியே. நீதான் காத்தாண்ட பேசிகினு போன. பேஜாரு புடிச்ச ஆளுன்னு நானே தள்ளிக் குந்திகினேன்.”

“அப்ப இந்த வரப்பு?”

“நீ கட்டுனது இல்லியா?”

அன்று நான் ஓடவில்லை. வீரம் இல்லை, கால் வரவில்லை, அவ்வளவுதான். வரப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார உட்காரப் பயம் போய் வேறொரு கவலை வந்தது. நாளை நான் போய்விடுவேன். வீடும் இல்லை. இவள் இங்கே எதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

மூன்றாம் நாள் இரவு விமானம். மத்தியானமே மெரினாவுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்தேன். “செல்வி, செருப்பு போனா போவுது. நீயும் வா” என்றேன். திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினேன். அலை வந்தது. வலது காலில் நேராக அடித்தது. இடது பக்கம் மட்டும், என்னைத் தொடுமுன் வேறெதிலோ பட்டு உடைந்து, மெதுவாக வந்தது. உப்புக் காற்று, வயது, மத்தியானம் தின்ற பிரியாணி, எதை வேண்டுமானாலும் காரணம் சொல்லுங்கள். ஒவ்வொரு அலையும் அப்படித்தான் வந்தது. நான் வெகுநேரம் நின்றேன்.

திரும்பி வந்தால் செருப்பைக் காணோம். வரப்பும் இல்லை. யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டான். காவலுக்கு ஆள் இல்லையே! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, சுடுமணலில் குதித்துக் குதித்து வந்தேன்.

“நைனா, செருப்பு எங்க?” பலூன் கடைக்காரன்தான்.

“பூடுச்சு.”

“சம்சாரம்?”

“வந்துட்டா” என்றேன். அவன் என் பின்னால் எட்டிப் பார்த்தான்.

ரப்பர் செருப்பு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். ஓமன் வந்து ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் அறை வாசலிலும் மணல்தான். பன்னிரண்டு பேர் செருப்பு அங்கே குப்பையாகக் கிடக்கும். போன வாரம் ஒரு காலை, என் ரப்பர் செருப்பு மட்டும் தனியே ஜோடி சேர்ந்து இருந்தது, சுற்றி வரப்போடு. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இங்கேயும் பேய்க் கதை சொல்லிச் சொல்லி என் பெயர் அப்படி.

பக்கத்துக் கட்டில் பொன்னேரிக்காரனிடம் மடையைக் காட்டி, “இந்தப் பக்கம் இன்னா இருக்குது?” என்று கேட்டேன். செல்போனில் திசை பார்த்தான்.

“தென்கெழக்குண்ணா. கடலு. அத்தத் தாண்டுனா நம்ம ஊரு.”

வேலைக்குப் போகும்போது நானே அந்த வரப்பை மிதித்துக் கலைக்கிறேன். விடிந்தால் மறுபடி இருக்கிறது. ஒப்பந்தத்தில் இன்னும் பத்தொன்பது மாதம் பாக்கி என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? நேற்றுக் காலை மடை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்திருந்தது.