நெஞ்சில் கிடைத்த நிக்கல்

சட்டையில் உலோகப் பொத்தான் கிடையாது. கால்சட்டைக்கு ஜிப் கிடையாது, நாடா. மூக்குக்கண்ணாடி முழுக்கப் பிளாஸ்டிக். கல்யாண மோதிரம் இருபத்திரண்டு வருடமாக அலமாரியில் தூங்குகிறது. துறவி என்று நினைத்துக் கும்பிட்டுவிடாதீர்கள், மூன்று தட்டு சாப்பிடுவார். கனிமம் தேடும் குழு ஒன்றில் அவர் குடுவைக்காரர்.

குடுவைக்குள் திரவ நைட்ரஜன், அதில் மூழ்கியபடி மீக்கடத்தி உணரி. தரையில் பெரிய வளையமாகக் கம்பி விரித்து, மின்சாரத்தைப் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்துவார்கள். ஆழத்தில் நிக்கல் தாது இருந்தால் அதன் காந்தப்புலம் கொஞ்ச நேரம் முணுமுணுக்கும். அதைக் கேட்கும் காதுதான் உணரி. பக்கத்தில் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்தாலும் சுரங்கம் என்று சொல்லிவிடும். காது அபாரம், விவேகம் மட்டு.

காற்றடித்தால் குடுவை நடுங்கும், அளவீடு கெடும். மற்ற குழுக்கள் மறைப்பு கட்டும். இவர் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, குடுவையை அணைத்தாற்போல் குந்திவிடுவார்.

"எங்க கூடாரத்துக்குச் சோறு மட்டும் போட்டாப் போதும்" என்பார் குழுவின் டிரைவர்.

நான்கு மாதங்களுக்கு முன் குடுவைக்காரர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள், உலோக உறை போட்டது. விடுப்புக் கடிதத்தில் குடலிறக்கம் என்று எழுதினார்.

"ஆபீஸ்ல சொல்லிடுங்களேன்" என்றார் மனைவி.

"சொன்னா வேலை போயிடும். வேற என்ன தெரியும் எனக்கு? வீட்ல உக்காந்து உன் முகத்தையே பாத்துக்கிட்டிருக்கணும்."

"ஏன், என் முகத்துல என்ன, காந்தமா இருக்கு?"

குடுவையிலிருந்து பத்தடி தள்ளி நின்றால் போதும் என்று கணக்குப் போட்டார். சரியாகத்தான் நின்றார், ஒருநாள் காலையில் பலத்த காற்றடிக்கும்வரை. ஐந்து இடங்களில் உடம்பு பழக்கத்தில் குடுவையை அணைத்துக் குந்திவிட்டது. ஐந்தாவதிலிருந்து எழுந்தபோதுதான் நெஞ்சில் உலோகம் இருப்பது உறைத்தது.

சாயங்காலம் குழுவின் நிலவியலாளர், இளம்பெண், கணினியோடு ஓடிவந்தார். "அண்ணே, வரிசையா அஞ்சு புள்ளி! நாலு வருஷமாத் தேடினது!" தலைமையகத்துப் பெரியவர் ஒருவர் தம் தொலைநோக்கைத் தாமே பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார். துளையிடும் இயந்திரம் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு.

இவர் சாப்பிடவில்லை. அதுவே ஊருக்குச் செய்தி.

மறுநாள் காலை நிலவியலாளரின் மேசை முன்னால் போய் நின்றார்.

"மேடம், துளை போட வேண்டாம்."

"ஏண்ணே?"

"கீழ ஒண்ணுமில்ல. அது நான்தான். நெஞ்சுல பேஸ்மேக்கர்." சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினார்.

அந்தப் பெண் தழும்பைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப உடம்பு எப்படிண்ணே இருக்கு?" என்றுதான் கேட்டார்.

அன்றே அந்த ஐந்து புள்ளிகளையும் மறுபடி அளந்தார்கள். சாவி, பெல்ட், போன் எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு கையில் கால்சட்டையைப் பிடித்தபடி டிரைவர் குடுவையைத் தூக்கிப் போனார். யாரும் சிரிக்கவில்லை. குடுவைக்காரர் அரை கிலோமீட்டர் தள்ளி ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியபின் நிலவியலாளர் நடந்துவந்தார். "ஒண்ணுமில்லண்ணே."

"ஒரு புள்ளியாவது?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "இனிமே உங்களைக் களத்துக்கு..."

"தெரியும் மேடம். டிரைவர்கிட்ட நைட்ரஜனை மெதுவா ஊத்தச் சொல்லுங்க. அவன் அவசரக்காரன்."

மத்தியான பஸ்ஸில் ஏறினார். வீட்டுக்குப் போன் செய்து, இன்றைக்கே வந்துவிடுகிறேன் என்றார். "மூணு தட்டுக்குச் சோறு வைக்கிறேன்" என்றார் மனைவி.