என்னைக் கேட்காமல் எழுதிய கடிதம்

எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1958-இல், எனக்கு வயது இருபத்து மூன்று. மலாக்காவில் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசிப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வந்தால் கம்பியைச் செருகி உரிய அறைக்கு இணைப்புக் கொடுக்கும் வேலை. பலகையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. என் வயிறோ அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. ஒரு நாளில் பத்து முறை கூட ஓட வேண்டியிருந்தது. போனால் ரத்தம்.

ஓடுவதைப் பார்த்தவர்கள் சீதபேதி என்று பேசிக்கொண்டார்கள். என் நேரம் முடிந்ததும் பலகைக்கு வருகிற பெண் நான் காதில் மாட்டிய கருவியைத் தொட மறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை என் கையில் கடிதம் கொடுத்தார்கள். தொற்று நோயை மறைத்தது, பணியிடத்தை விட்டு அடிக்கடி நீங்கியது, ஆகவே இன்றோடு வேலை நீக்கம். மொத்தமே நான்கு வரி. ஒருவர் கூட என்னைக் கூப்பிட்டு எதுவும் கேட்டிருக்கவில்லை.

மறுவாரம் போன மருத்துவமனையில் எனக்கு வாய்த்த மருத்துவர் தமிழர். தொடர்ந்து மூன்று நாள் மலத்தைச் சோதித்தார். நான்காம் நாள் நுண்ணோக்கி முன் என்னை உட்கார வைத்தார்.

"கண்ணை ஒட்டி வச்சுப் பாரும்மா. உருண்டை உருண்டையா தெரியுதா?"

தெரிந்தது. கூட்டம் கூட்டமாக இருந்தன.

"அதெல்லாம் உன் ரத்தத்துல இருக்கிற வெள்ளணு. கிருமி வந்தா அடிக்கிறதுக்குன்னு உடம்பு வச்சிருக்கிறது. நானும் கிருமியைத் தேடித் தேடிப் பார்த்துட்டேன், இல்லை. இதுங்க உன் குடலையே அடிச்சுப் புண்ணாக்குது."

"ஏன் டாக்டர்?"

"எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாதும்மா. ஆனா இது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. அதை எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மசூதிக்கு எதிர்வரிசையில் இருந்த ஒரு முஸ்லிம் வழக்கறிஞரிடம் போனேன். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"தங்கச்சி, புது அரசமைப்புச் சட்டத்துல தெளிவா இருக்கு. அரசாங்க ஆளை வேலையிலேருந்து நீக்கணும்னா, குத்தம் என்னன்னு சொல்லி, அவங்க பதிலைக் கேக்கணும். உங்களைக் கேக்கல. அது போதும். ஆனா கோர்ட்ல எல்லாத்தையும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும்."

காஜா பெராங் பகுதியில் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஜம்பானுக்கு, கக்கூசுக்குப் போற கதைய கோர்ட்ல பேசப் போறியா? நாளைக்கு எவன்டி வந்து பொண்ணு கேப்பான்?"

"கேக்காட்டிப் போவட்டுங்கா. நான் ஒண்ணும் மறைக்கல. மறைச்சேன்னு எழுதிட்டாங்க. அத அப்படியே விட முடியாது."

இரண்டு நாள் அக்கா என் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் என் வெள்ளைச் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டு வைத்தாள்.

வழக்கு நாளில் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்காமல் போனேன். பயனில்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே அடிவயிறு முறுக்கியது. பொறுத்துப் பார்த்தேன். அரசு வழக்கறிஞர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன், "ஐயா, நான் கழிப்பறைக்குப் போக வேண்டும். இதுதான் என் நோய்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, பத்து நிமிடம் ஒத்திவைக்கிறேன் என்றார். ஆறு மாதம் வேலை செய்த இடத்தில் எனக்குக் கிடைக்காத பத்து நிமிடம். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து அதே கூண்டில் நின்றேன்.

"உங்கள் நோயைப் பற்றி மேலதிகாரியிடம் முன்பே ஏன் சொல்லவில்லை?" என்றார் அரசு வழக்கறிஞர்.

"என்ன நோய் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மருத்துவரிடம் போய் எழுதி வாங்கி வந்திருப்பேன்."

மருத்துவரும் வந்து, எனக்குச் சொன்னதையே நீதிபதிக்கும் சொன்னார்.

தீர்ப்புக்கு ஒரு மாதம் காத்திருந்தோம். நான் நல்லவளா, நோயாளியா என்பதையெல்லாம் நீதிபதி அலசவில்லை. இந்தப் பெண்ணிடம் குற்றத்தைச் சொல்லி விளக்கம் கேட்கவில்லை, அவளைக் கேட்காமல் வேலையைப் பறிக்க இந்த நாட்டில் எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை, ஆகவே அந்தக் கடிதம் செல்லாது. அவ்வளவுதான் சாரம். வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போய் முதல்ல சோறு சாப்புடு" என்றாள்.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். எனக்கு அடுத்துப் பலகைக்கு வரும் அந்தப் பெண் இன்னும் கருவியைத் துடைத்துத் துடைத்துத்தான் மாட்டினாள். என் வெள்ளணுக்களும் அடங்கிவிடவில்லை. மாத்திரைக்கு நோய் மூன்று மாதம் பணியும், பிறகு மறுபடி கிளம்பும். எனக்கு அவசரம் வந்தால் பலகையைப் பார்த்துக்கொள்ள பக்கத்து அறையில் கணக்கு எழுதும் கிராணியை ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த ஆண்டு, கோப்பு ஒன்று காணாமல் போனதாக அலுவலகப் பியூன் மீது புகார் வந்தது. அதிகாரி அவரை அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். "நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள், பிறகு எழுதிக் கொடுங்கள்" என்றார். கதவு திறந்திருந்ததால் பலகையிலிருந்து எனக்கு அது கேட்டது.