நான் மாற்றிச் செருகிய முள்

இசக்கிமுத்துவின் வலது கண் போனதற்குக் காரணம் நான்தான். நாற்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் நாங்கள் இருவரும் கூட்டாக லேத் பட்டறை வைத்திருந்தோம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதற்குள் நீர் கசியுமா என்று சோதிக்க, தடித்த இரும்புக் குழாயில் நாங்களே ஒரு தொட்டி கட்டினோம். மோட்டாரை உள்ளே வைத்து, மூடியை முடுக்கி, கைப்பம்பால் நீரை அழுத்த வேண்டும். உள்ளே பார்க்க மூடியில் ஒரு கண்ணாடி. பத்து கிலோ அழுத்தத்துக்கு மேல் அது தாங்காது.

ஒவ்வொரு சோதனையையும் இசக்கி ஒரு நோட்டில் குறித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். எதற்கு? சுந்தரபாண்டியபுரத்தில் வேறொரு பட்டறைக்காரனோடு அவன் டீ குடித்ததையும் பார்த்துவிட்டேன்...

"யாருலே அவன்?"

"தெரிஞ்சவன்தான் அண்ணாச்சி. சும்மா பேசிட்டிருந்தோம்."

சும்மாவா? நான் நம்பவில்லை. எங்கள் சோதனைக் கணக்கை அவனுக்கு விற்கிறான் என்றே நினைத்தேன். அவன் விற்கும் எண்கள் பொய்யாகட்டும் என்று தொட்டியிலிருந்த அழுத்தமானியின் முள்ளைப் பிடுங்கி, ஐந்து கிலோ குறைத்துக் காட்டும்படி மாற்றிச் செருகினேன்.

முள் ஐந்தைத் தாண்டாமல் பம்பை நானே அடிப்பதாகத்தான் இருந்தேன். மறுநாள் நல்ல சாரல். ஊரிலிருந்து வந்த மச்சான் குற்றாலத்துக்குக் கூப்பிட்டான். போய்விட்டேன். முள்ளை மறந்தேனா... மறக்க விரும்பினேனா?

ஈரத் துண்டோடு திரும்பியபோது பட்டறை வாசலில் கூட்டம். முள் ஒன்பதைத் தாண்டியபோது உள்ளே பதினான்குக்கு மேல். கண்ணாடி வெடித்து அவன் முகத்தில் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தன் மனைவியிடம் சொன்னான்: "அண்ணாச்சி பத்துக்கு மேல போகாதேன்னு சொல்லியிருந்தாவ. நான்தான் கவனிக்காம அடிச்சிட்டேன்."

பக்கத்தில்தான் நின்றேன். அன்றே போய் முள்ளைச் சரியாகச் செருகினேன்.

பம்பருகே கிடந்த அவன் நோட்டையும் அப்போதுதான் பிரித்தேன். மோட்டாருக்குள் நீர் கசியாதிருக்க அந்தப் பட்டறைக்காரனிடம் நல்ல ரப்பர் வளையம் கேட்டிருப்பதாகவும், வந்ததும் அண்ணாச்சியிடம் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தான். கடைசி வரி: 'முள் ஒன்பது. கைப்பிடி ரொம்ப இறுகுது.'

கவனித்துத்தான் அடித்திருக்கிறான். பிறகு ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான்? முள்ளை மாற்றியது நான் என்று தெரிந்தேயா...

சென்ற மாதம் வீரகேரளம்புதூரில் அவன் பேத்தியின் கல்யாணம். பந்தியில் என் எதிரே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லலே."

"சரி, சாப்பிடுங்க."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் அங்கிருந்து நகரவில்லை.