பைப்படியில் நான் சொன்ன படங்கள்

சினிமாவைப் பற்றிப் பேச எனக்குத்தான் தெரியும் என்று முதலில் நினைத்தவள் நான்தான். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, வாய் மட்டும் நாற்பது வயசுக்காரிக்கு உள்ள வாய்.

ஜப்பான்காரன் வந்த பிறகு புதுப் படம் எதுவும் வரவில்லை. அரிசிக் கப்பலே வராதபோது படம் எங்கே வரும்? டவுன் கொட்டகையில் பழைய படங்கள் நாலைந்தையே திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். பிலிம் தேய்ந்து அறுந்து, பாதிப் பாட்டில் காணாமல் போகும் கதாநாயகன் அடுத்த நொடி மாலையும் கழுத்துமாக நிற்பான். அந்தக் கண்றாவியையும் எல்லோராலும் போய்ப் பார்க்க முடியாது. ஆகவே, பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குப் படம் சொல்வது என்று எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று.

வீடுகளுக்குப் பின்னால் ஒரு பொதுக்குழாய் இருந்தது. சாயங்காலம் நாலரைக்குத் தண்ணீர் விடுவார்கள், அதுவும் நூல் மாதிரி வரும். வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் நடுவில் நின்று படம் சொல்வேன். பாட்டையும் விடமாட்டேன். என் குரலுக்குப் பாட்டு ஒரு கேடா என்று யாராவது கேட்டால், காது கொடுத்துக் கேட்பவளுக்குத்தான் கதை என்பேன்.

கதையை மட்டும் சொன்னால் ஒரு வாரத்தில் சலித்துவிடும் அல்லவா? அதனால் நான் ஒரு வேலை செய்தேன். படத்தில் வரும் ஆட்களுக்கு எங்கள் அக்கம்பக்கத்தாரின் குரலையும் நடையையும் கொடுத்தேன். ராஜா என் வீட்டுக்காரர் மாதிரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மந்திரி ரேஷன் கடைக்காரர் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சதி செய்வார். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கிழங்கைக் கீழே போடுவார்கள். அந்த நாட்களில் சிரிப்பு வருவதே பெரிய காரியம், அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். அவர் கணவர் ரயில்வே ஆபீஸில் கிளார்க். பிள்ளைகள் இல்லை. அந்தக் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு என்று ஒரு நாள் காலையில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவோம் என்று சொன்னார்கள். எட்டு மாதமாகியும் ஒரு கடுதாசி இல்லை. வடக்கிலிருந்து வரும் வண்டி சாயங்காலம் ஊதும்போதெல்லாம் அக்கா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, வாசல் கேட்டில் வந்து நிற்பார். ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிறவர்களிடம், "வடக்காலை வாற வண்டி நிறையச் சனமோ?" என்று கேட்பார். இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒரு நாள் நான் சொன்ன படத்தில், கடல் கடந்து போன கணவனுக்காக ஒருத்தி வாசலில் காத்திருக்கிறாள். காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள், நாலு பாட்டுக்குக் காத்திருக்கிறாள். எனக்கு அந்தக் கதாநாயகியைக் கண்டாலே எரிச்சல். சொல்லும்போது எனக்கே கொட்டாவி வந்தது. பெண்களும் வாளியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு போய்விடுமே என்ற அவசரத்தில், முந்தானையைச் சரிசெய்து, கழுத்தை நீட்டி, "வடக்காலை வாற வண்டி நிறையச் சனமோ?" என்றேன்.

அப்படியே அக்காவின் குரல். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறியது. சிரிப்பு ஒரு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாளியுடன் என் பின்னால் நின்றிருந்தார். அவர் முறை வந்திருந்தது. வாளியைக் குழாயடியில் வைத்தார். அது நிரம்ப எத்தனை நேரம் ஆயிற்று தெரியுமா? அவ்வளவு நேரமும் பெண்கள் தலை நிமிராமல் கிழங்கை உரித்தார்கள். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"சும்மா விளையாட்டுக்குத்தானே லா, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இல்லாததையா சொன்னேன், அவர் கேட்பதைத்தானே சொன்னேன் என்று வீட்டில் பாத்திரங்களை உருட்டினேன். என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உனக்கு வாய்தான் எமன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வண்டி ஊதியது. அக்கா கேட்டுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் நானே ஜன்னலில் நின்று வண்டி எப்போது ஊதும் என்று பார்த்தேன். ஊதியது. எதிர் வீட்டுக் கேட்டு காலியாகவே இருந்தது. அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான், அதை நான் சிரிப்புக்காகப் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவித்த கிழங்கை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார். "வாரும்" என்றார். எனக்கு அந்த மரியாதைதான் இன்னும் வலித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவள், கிழங்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவரே ஆரம்பித்தார். "அந்தப் படத்துப் பொம்பிளை காத்திருக்கிறது உமக்குப் பிடிக்கேல்லையோ?"

"அவ நடிப்புப் பிடிக்கலக்கா. அத்தனை அழுகைக்கும் கண்ணு மை கலையவே இல்ல."

"நான் அழுதாலும் கலையாது. மை வைச்சால்தானே கலையும்" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் செஞ்சது தப்புக்கா. இனிமே உங்கள மட்டுமில்ல, யாரையும் அப்படிச் செய்யமாட்டேன்."

அவர் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவற்ற முகம் இதிலை இருக்கு. குரல் எதிலையும் இல்லைத் தங்கச்சி. போன மாசம் வரைக்கும் நினைச்சால் காதிலை கேக்கும். இப்ப எவ்வளவு நினைச்சாலும் வருகுதில்லை. நீர் என்னைப் போலக் கதைச்சதைக் கேட்டன். அச்சாய் நான்தான். அவரைப் போலவும் கதைப்பீரோ?"

எதிர் வீட்டில் ஐந்து வருஷம் கேட்ட குரல், எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அன்றுவரை யாரையும் சிரிப்பில்லாமல் நான் செய்ததில்லை. முடியாது என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. வெளியே போனேன். கேட்டைத் திறந்தேன். அவர் கணவர் வீடு திரும்பும்போது சப்பாத்து மண்ணை உதறத் தட்டுவது போல, என் வெறுங்காலை இரண்டு தரம் தரையில் தட்டினேன். மூக்கால் வரும் அந்தக் கனத்த குரலில், "இஞ்சாரும், தண்ணி வைச்சிட்டீரோ?" என்றேன்.

"வைச்சாச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. பத்து வருஷப் பழக்கம் சொன்ன பதில். நான் உள்ளே போனபோது அக்கா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, "தண்ணி எண்டேக்கை இன்னும் கொஞ்சம் இழுப்பார்" என்று திருத்தினார். நான் இழுத்துக் காட்டினேன். ஓம் என்று தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் வண்டி ஊதியதும் அக்கா பொட்டு வைத்துக்கொண்டு கேட்டில் நின்றார். நான் ஜன்னலிலிருந்து விலகிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அது எங்கள் இருவருக்குள் ஒரு நடைமுறையாகிவிட்டது. அவர் மனசு மிகவும் தளர்ந்த நாளில், "இண்டைக்கு ஒருக்கால்" என்பார். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் கேட்டைத் திறப்பேன். ஒரு தரம் கூப்பிடுவேன், அவர் ஒரு தரம் பதில் சொல்வார், அவ்வளவுதான். கேட்காமலே நானாகப் போய்ச் செய்த நாட்களும் உண்டு. என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "இருக்காரா இல்லையான்னே தெரியாத மனுஷன் குரல்ல பேசுறியே, உனக்குப் பயமா இல்ல?" என்பார். பயமாகத்தான் இருந்தது. நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா கேட்டால் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பைப்படியில் படம் சொல்வதை நான் நிறுத்தவில்லை. ஆனால் ராஜா ராஜா மாதிரியே நடந்தார், மந்திரி மூக்கை உறிஞ்சவில்லை. "என்னா இது, சப்புன்னு இருக்கு" என்று கூட்டம் பாதியாகக் குறைந்தது. போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒருவர், இருவராக, எந்த வண்டியில் என்று சொல்ல முடியாமல் வந்தார்கள். வராதவர்களின் செய்தியையும் அவர்களே கொண்டு வந்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் போய் விசாரித்தார். கிளார்க்கைக் கடைசியாக ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு சாயங்காலம் நான் அடுப்படியில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக் கேட்டுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக ஒருவர், தலைமயிர் கொட்டி, கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வெறுங்காலை மெதுவாக இரண்டு தரம் தரையில் தட்டினார்.

"இஞ்சாரும்" என்றார். கரகரத்த, பாதி காற்றாகிப்போன குரல். அதற்குள் இருமல் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: "இண்டைக்கு வேண்டாம் தங்கச்சி, எனக்கு ஏலாமல் கிடக்கு."

அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். மறுபடி முயன்றார். "தண்ணி வைச்சிட்டீரோ?"

"குரல் சரியில்லை. அவர் இப்பிடி இருமமாட்டார். நீர் வீட்டை போம்."

கையிலிருந்த கிழங்கையும் கத்தியையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஊர் வாயெல்லாம் என் வாய் என்று இருந்த நான் அன்று என் சொந்தக் குரலில் கத்தினேன்.

"அக்கா, நான் இங்க என் வீட்டுல இருக்கேன்."