ஜீப்புக்கும் டை அடித்த மைத்துனன்

என் மைத்துனன் கோபியின் ஜீப் எழுபதுகளில் பிறந்தது. கோபியும் அப்படித்தான். இருவருமே வயதை வெளியே காட்டிக்கொள்வதில்லை.

காடுமேடு ஏறுகிற தோற்றம் வேண்டுமென்று ஜீப்புக்குப் பிளாஸ்டிக் மட்கார்டு மாட்டியிருந்தான். காட்டையும் பார்க்கவில்லை, மேட்டையும் பார்க்கவில்லை. அவன் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி கம்பெனி வாசலில் வெயிலில் நின்றே அது வெளுத்துப்போனது.

இன்று காலை ஜீப்பை வாங்க, பழவேற்காட்டிலிருந்து ஒரு மீன் வியாபாரி பாய் வேப்பம்பட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மட்கார்டு கன்னங்கரேலென்று மின்னியது.

"இன்னா தம்பி, பிளாஸ்டிக்கு புச்சு கணக்கா கீது?"

"நிழல்லயே வச்சிக்கினு இருந்தேன் பாய். வெயிலே படல" என்றான் கோபி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

பாய் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். விலை பேச வசதியாக மட்கார்டில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது வேட்டியில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை.

மட்கார்டை விரலால் தேய்த்து முகர்ந்தார். பிறகு கோபியைப் பார்த்தார். அங்கேயும் காதோரமாக அதே கறுப்பு வழிந்துகொண்டிருந்தது.

"ரெண்டும் ஒரே பாக்கெட்டா தம்பி?"

கோபி என் பக்கம் திரும்பினான். "தலைக்குப் போக மீந்துது மாமா. வீணாக்க வாணாமேன்னு..."

பாய் கிளம்பிவிட்டார். ஜீப்பின் சாயம் வெளுத்தது போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் கோயிலில் வைத்துக் கோபிக்குப் பெண் பார்க்கிறோம். அன்றைக்கு மழை உண்டா, தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.