கச்சான் கடித்த குரோட்டன்கள்

"22-6-1959, திங்கட்கிழமை. விகாரி வருஷம், ஆனி 8. குரோட்டன் வேலி, முப்பத்தொரு செடி. இலை ஓரம் பழுப்பு, நுனி கருகல். மேற்குப் பக்கம் அதிகம். காரணம்: கச்சான் (பூச்சி?). தோட்டக்காரர் சொன்னது."

என் பழைய குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். அடைப்புக்குள் இருக்கும் கேள்விக்குறி அன்றைக்கே போட்டது. ஒரு வாரம் கழித்து நான் கொடுத்த அறிக்கையில் அது இல்லை. இடையில் எங்கே அதை விட்டேன் என்று எத்தனையோ முறை யோசித்து அலுத்துவிட்டேன்.

அப்போது மண்டபத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த, அதிகாரிகள் வந்து தங்கும் ஒரு முசாபரி பங்களாவில் எழுத்தராக இருந்தேன். சொந்த ஊர் சிக்கல் பக்கம், வயல்காட்டு மனிதன். மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆடியில் ஒரு பெரிய அதிகாரி வந்து தங்கப்போவதாகத் தகவல் வந்தது. ஓவர்சியர் முகப்பைப் பார்வையிட வந்தார். அவரும் கடல் காணாத ஊர்க்காரர்தான்.

"என்னய்யா இது, அடுப்புல வாட்டி எடுத்த மாதிரி இருக்கு? செடியப் பாக்கன்னு ஒரு ஆளு இருக்கானா இல்லையா? காரணம் என்னன்னு எழுதிக் குடும். அவன் மேல தப்புன்னா இந்த மாசத்தோட அனுப்பிருவோம்."

தோட்டக்காரர் ராமேஸ்வரம் தீவைச் சேர்ந்தவர். மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். வள்ளம் இடித்து முட்டி போனபின் கடலுக்குப் போக முடியாமல் இந்த வேலைக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், ஒரு காலைச் சாய்த்து நடக்கிறவருக்கு இதை விட்டால் வேறு வேலை கிடையாது. அந்த முப்பத்தொரு குரோட்டனும் அவர் கம்பு ஒடித்து நட்டு வளர்த்தவை.

"இலைக்கு என்ன வந்துச்சுண்ணே?" என்று அவரிடமே கேட்டேன்.

"கச்சான் கடிச்சிருக்கு, கிளார்க்கய்யா."

"அது எப்ப வரும்?"

"வைகாசிக் கடைசியில தலை காட்டும். ஆனி ஆடியில அதோட கொட்டம் தாங்க முடியாது."

"எந்தப் பக்கமிருந்து?"

"மேக்க இருந்துதான்."

"மருந்து?"

"கச்சானுக்கு மருந்தா?" சிரித்தார். "ஓலை கட்டி மறைச்சா உண்டு. கேட்டும் பாத்துட்டேன். முகப்புல ஓலை கட்டுனா அசிங்கமா இருக்கும்னுட்டாக. நம்பலைன்னா ஒரு இலையப் பறிச்சு நக்கிப் பாருங்க."

கேலி செய்கிறார் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன்.

என்னிடம் செடி நோய்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றிலும் கச்சான் இல்லை. உள்ளூர்ப் பெயராக இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு மூன்று நாள் வேலியோரம் குந்தியிருந்தேன். இலையைப் புரட்டினேன், காம்பைப் பிளந்தேன். முட்டை இல்லை, புழு இல்லை, கூடு இல்லை.

"என்ன தேடுறீக?" என்றார் அவர்.

"கடிச்சதைத்தான்."

"அது நம்ம கையில அகப்படுமா ஐயா?"

"கண்ணுக்கு எளிதில் புலப்படாதது" என்று குறித்துக்கொண்டேன். புகையிலையை ஊறவைத்துச் சவுக்காரம் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் தெளித்தார். கருகல் இன்னும் உள்ளே ஏறியது.

29-6-1959 அன்று அறிக்கை எழுதினேன். "கச்சான் எனப்படும் பூச்சியின் தாக்குதல். உரிய பருவத்தில் மருந்து தெளித்திருந்தால் தடுத்திருக்கலாம்." தோட்டக்காரர் மேல் தப்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாவது வாக்கியமே அந்த வேலையைச் செய்துவிட்டது. அவர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. பெயரை எழுதத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

"கச்சான்னு போட்டீகளா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப சரி." நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 4, சனிக்கிழமை அவரை நிறுத்தினார்கள். கத்தரிக்கோலைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, "வாரேன் கிளார்க்கய்யா" என்றார். அவர் ஏனென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் புதுமடம் கரைக்குப் போனேன். மணல் முகத்தில் அறைந்தது. மீன்கூடைகள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மீனுக்கு எங்கன போறது? கச்சான் அடிக்கிற அடியில வள்ளம் ஒண்ணும் இறங்கலை" என்றாள் ஒருத்தி.

"கச்சானா?"

"உங்க வேட்டியத் தூக்குதே, அதுக்குப் பேரு என்னன்னு நெனச்சீக?"

பக்கத்திலிருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் ஊரில் அதை மேகாத்து என்போம். நெல் தூற்ற உதவும் மேற்குக் காற்று. அதற்குக் கடற்கரையில் வேறு பெயர் உண்டென்றும், அது உப்பைச் சுமந்து வந்து இலையில் படிய வைக்குமென்றும் எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு திரும்பி, வேலியின் மேற்குப் பக்கத்தில் ஓர் இலையைப் பறித்து நக்கிப் பார்த்தேன். உப்பு. கிழக்குப் பக்கத்து இலையில் உப்பு இல்லை. "மேற்குப் பக்கம் அதிகம்" என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தவன் நான்தான்.

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினேன்: இலையை நக்கிப் பார்த்தேன், உப்பு, பூச்சி அல்ல, காற்று, தோட்டக்காரர் மேல் குற்றமில்லை, அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஓவர்சியர் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"பூச்சின்னு எழுதினதும் நீரு, காத்துன்னு எழுதுறதும் நீரு. நாளைக்கு வேற எதையாவது நக்கிட்டு வந்து வேற எழுதுவீரு. மேல போன தாளு போனதுதான்."

அடுத்த ஞாயிறு ரயிலேறிப் பாலத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன். பூசைக்குப் போய்த் திரும்பிய சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவிதான் முதலில் பேசினாள்.

"மூணு நாளாக் கண்ணாடிய வச்சுக்கிட்டுக் காத்தையா தேடுனாரு?"

"நீ சும்மா இரு" என்று அவளை அடக்கிவிட்டு, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மேக்க ஓலை கட்டுனாகளா?"

"இல்லை."

"ஆடி முடியுறதுக்குள்ள கட்டலைன்னா கொப்பு பூராம் போயிரும்."

வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

23-7-1959, வியாழக்கிழமை. காலையில் போனபோது வேலியின் மேற்குப் பக்கம் நெடுக ஓலைத் தட்டி நின்றது. புதிதாக வந்திருந்த தோட்டக்காரர் தான் கட்டவில்லை என்றார். அதிகாரியின் வருகை அதற்குள் ரத்தாகியிருந்ததால் ஓவர்சியர் முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார். புரட்டாசியில் முப்பத்தொன்றில் இருபத்தாறு செடிகள் துளிர்த்தன. பழையவரை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. மறுவருஷம் எனக்கு மாற்றல் வந்தது.

குறிப்பேட்டில் தட்டி நின்ற அந்த 23-ஆம் தேதிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஓலை கட்டியவர்: ? விசாரிக்க." தட்டியில் இருந்தவை வள்ளக்காரர் போடும் முடிச்சுகள். ஆனால் புதிய தோட்டக்காரரும் கடற்கரைக்காரர்தான். கட்டிவிட்டு, திட்டுக்குப் பயந்து இல்லை என்றிருக்கலாம். முட்டி போன ஒருவர் அத்தனை ஓலையை எப்படிக் கொண்டுவந்திருப்பார் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை பாலத்தைக் கடந்து போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. அவர்தான் கட்டினார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சரிபார்க்கவில்லை, கேள்விக்குறியை அங்கேயே விட்டிருக்கிறேன்.