பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொண்ட அத்தை

பம்பாயில் டிராம் ஓட்டம் நின்றது 1964 மார்ச் மாதக் கடைசியில். ஊரிலிருந்து வந்து இறங்கியதும் அத்தை முதலில் பார்க்கக் கேட்டது டிராமைத்தான். அப்பா, "அது நின்னு போச்சே பிள்ள" என்றார். ஆகவே அவள் தாராவிக்கு வந்தது அதற்குப் பிறகு. தம்பி பிறந்த அந்த ஜூனுக்கு முன்பு. இதுவரை உறுதியாகச் சொல்லலாம். மற்றவற்றுக்குத் தேதி கிடையாது. அவை எதுவும் ஒரே நாளில் நடந்தவை அல்ல.

அத்தை அப்பாவின் தங்கை. அம்மாவின் பேறுகாலத்துக்கு உதவியாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒல்லிப் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் வரிசையில் அவள் குரல் மட்டும் மேலே ஏறித் தனியாக நிற்கும். எங்கள் ஒற்றை அறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பாடினால், பக்கத்து அறை மராத்திக்காரப் பெண் கதவோரம் வந்து நின்றுவிடுவாள்.

ஒரு வருஷத்துக்குள் அத்தையின் கன்னம் உருண்டது, முகம் பூரித்தது. "பம்பாய்த் தண்ணி ஒத்துக்கிட்டு" என்றார்கள் வந்து போனவர்கள். கோடையில் கிணறு வற்றும் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. தங்கையை நன்றாக வைத்திருக்கிறார் என்பதற்கு அந்தக் கன்னமே சாட்சி என்று அப்பாவுக்குப் பெருமை.

பிறகு அவள் தூங்க ஆரம்பித்தாள். காலையில் பைப்படி வரிசையில் குடத்தின் மேலேயே சாய்ந்து உறங்கினாள்.

"ஒத்துக்கிட்ட தண்ணியப் பிடிக்கத்தான் ஆளில்ல" என்பாள் அம்மா.

"எந்திரிக்கத்தான் பாக்கேன் மதினி. கையும் காலும் வேற யாருதோ மாரி கெடக்கு."

"அப்ப அந்த வேற யாரையாது எழுப்பி விடு."

அத்தைக்கும் சிரிப்பு வரும். அதுவும் மெதுவாகத்தான் வரும்.

வெயில் காலத்திலும் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைக் கழற்றமாட்டாள். பம்பாய் ஸ்டைல் என்று தெருவில் கேலி செய்தார்கள். ஸ்டைல்தான் என்று நானும் நம்பினேன்.

குரல் தடித்தது. சளி இறங்கட்டும் என்று பாடல் வாத்தியார் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பினார். மாஹிம் டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். கழலை எதுவும் இல்லை. ரத்தம் குறைவு என்று சிவப்பு டானிக் கொடுத்தார். அதை அவள் ஒழுங்காகக் குடித்தாள்.

செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அத்தையின் பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள். பிள்ளையின் தாயார் பாடச் சொன்னார். அத்தை தொடங்கினாள். ஆண்குரல் போலக் கரகரத்து, இரண்டாவது அடியில் இழுபட்டு நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது.

"தொண்ட சரியில்ல போல. இன்னொரு நாள் வாறோம்" என்று அந்த அம்மாள் தன்மையாகத்தான் சொன்னார். வரவில்லை.

பாகிஸ்தான் சண்டைக்காக ஜன்னலில் ஒட்டிய கறுப்புத்தாளைச் சுரண்டி எடுத்ததற்கு அடுத்த மே மாதம், ஊருக்குப் போகும் ஒரு குடும்பத்தோடு அப்பா அவளை ரயிலேற்றினார். "ஊர்த் தண்ணிதான் அவளுக்குச் சரி" என்றார். எப்போது வருவாய் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"குரல் வந்ததும் வாறேன்ட்டி."

வரவில்லை. நான் கல்லூரி முடிக்குமுன் ஊரிலேயே இறந்துபோனாள். ரத்தக் குறைவு என்றுதான் அங்கும் சொன்னார்கள்.

இன்று மாட்டுங்காவில் நான் நடக்கப் போகும் பூங்காவில், காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடும் பெண்கள் ஒரு பெஞ்சை நிறைப்போம். ஒருத்திக்கு அது மனச்சோர்வு என்ற பெயரில் வந்தது, இன்னொருத்திக்கு வயசு என்ற பெயரில். எனக்கு முடி கொட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த அறை குளிர்ந்தது. பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டேன். ஒரு கை நுழைந்ததும், "ஒரு அத்தை" என்றேன்.

மே மாத மத்தியானங்களில் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் தரையில் படுத்துக் கிடப்போம். அத்தை என்னை மட்டும் இழுத்து, முதுகோடு சேர்த்து அணைத்துக்கொள்வாள். "இந்தப் புழுக்கத்துல என்ன கட்டிப்பிடி?" என்பாள் அம்மா. என் சட்டை வேர்வையில் நனைந்துவிடும். இருந்தாலும் இத்தனை பேரில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தாள் என்ற கர்வத்தில் அசையாமல் கிடப்பேன். அவள் அயர்ந்ததும் காற்று வேண்டி மெல்ல நழுவிவிடுவேன்.

அவளுக்குக் குளிர்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன்.